“குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன் டாக்டர்... ஆம்பளைக்கு இது நார்மலா?”

கடிதம் எழுதியவருக்கு வயது 47. தென் மாவட்டம் ஒன்றில் நூற்பாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். மனைவி, கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் மகள், ஏழாவது படிக்கும் மகன், கூடவே அம்மா. யாரென்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இது.

பத்து மாதத்துக்கு முன்னால் அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். அன்று இவருக்கு இரவு ஷிப்ட். மெஷின் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. டீ குடிக்க வெளியே வந்தபோது தம்பியிடமிருந்து ஏழு மிஸ்டு கால். முதல் அழைப்பு 2.10க்கு. 2.40க்கு ஆஸ்பத்திரியில் இறக்கியபோது உயிர் இல்லை. மூத்த பிள்ளை என்பதால் பந்தல், ஐஸ் பெட்டி, ஊருக்கெல்லாம் தகவல், சுடுகாட்டுச் செலவு என்று எல்லாம் இவர் தலையில். கொள்ளி வைக்கும்போதுகூடக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. “கல்லு மாதிரி நின்னான் பாரு, அவன் ஆம்பள” என்று பெரியப்பா பாராட்டியிருக்கிறார்.

ஐந்து மாதம் கழித்து மகளைக் கோவையில் விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அழ ஆரம்பித்தவர், அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நான்கு நாள் அழுகிறார். போனில் யாருடைய மிஸ்டு காலைப் பார்த்தாலும் அழுகை. தெருவில் யாராவது பழைய டிவிஎஸ் வண்டியை உதைத்துக் கிளப்பினால் அழுகை. டிவி பாட்டுப் போட்டியில் ஒரு சின்னப் பையன் தன் அப்பாவைப் பற்றிப் பேசினால் அழுகை. மில் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருகிறார்.

கூட வேலை பார்ப்பவர் ஒருவர் “இது ஹார்மோன் கம்மி” என்று சொல்ல, லேபில் பரிசோதித்து ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 390 என்று ரிப்போர்ட் வாங்கியிருக்கிறார். இன்னொரு நண்பர் கொடுத்த, பதற்றம் தணித்துத் தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம் மாத்திரையை இரண்டு மாதமாகத் தினமும் இரவில் போடுகிறார். வாரத்தில் நான்கைந்து நாள் அதோடு ஒரு குவார்ட்டரும் உண்டு. விடிகாலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. ஆறு கிலோ குறைந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போவதைக்கூட விட்டுவிட்டார். போன மாதம் மகன் கபடி மேட்சில் தோற்றுவிட்டு அழுதபோது “பொட்டப்புள்ள மாதிரி அழாதடா” என்று கன்னத்தில் அறைந்துவிட்டார்.

கேட்பது நான்கு விஷயம். வளர்ந்த ஆண் இப்படி அழுவது இயல்பா? ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளலாமா? அழுகையை நிறுத்த நல்ல மாத்திரை உண்டா? மனநல டாக்டரிடம் போனால் வேலைக்கும் மகள் கல்யாணத்துக்கும் பிரச்சினை வருமா?

கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை எழுதி, பேனாவால் அடித்திருக்கிறார். அடித்தாலும் படிக்க முடிகிறது. “சில நாள் தூக்கத்திலேயே போயிட்டா நல்லாயிருக்கும்னு தோணுது.”

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் போன் எண் இல்லை. இருந்திருந்தால் படித்த அன்றே கூப்பிட்டிருப்பேன். அதனால்தான் மற்றக் கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் அடித்துவிட்ட வரி

நீங்கள் அழுகையைக் கண்டு பயப்படுகிறீர்கள். எனக்கு அழுகை பற்றி அவ்வளவு பயம் இல்லை. நீங்கள் அடித்துவிட்ட அந்த வரியும், நான்கு மணி விழிப்பும், ஆறு கிலோவும், குவார்ட்டரோடு சேர்த்துப் போடும் மாத்திரையும்தான் என்னைப் பயமுறுத்துகின்றன.

“தூக்கத்திலேயே போய்விட்டால் நல்லது” என்பது சாக முடிவு செய்துவிட்டதாக அர்த்தம் ஆகாது. துக்கத்தில் இருக்கும் பலருக்கு அந்த நினைப்பு வந்து போகும். ஆனால் அது ஒரு வாசல்படி. அதைத் தாண்டி, எப்படி, எப்போது என்று மனம் யோசிக்க ஆரம்பித்திருந்தால், இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது. 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழக அரசின் 104க்கும் பேசலாம். அந்த நேரத்தில் தனியாக மட்டும் இருக்காதீர்கள். மனைவியை எழுப்புங்கள், இல்லை தம்பியைக் கூப்பிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேர் ஆண்கள். குறைவாக அழும் பாலினம்தான் அதிகமாக உயிரை விடுகிறது. ஆண்கள் அழாததால்தான் இப்படி என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. கடன், குடி, வேலை என்று பல காரணம் கலந்திருக்கிறது. ஆனாலும் என் அறைக்கு வரும் ஆண்களைப் பார்த்த வரையில், வலியைச் சொல்ல வழியில்லாமல் கடைசி நிமிஷம் வரை “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களே அதிகம்.

மாத்திரை விஷயம். அல்பிரசோலம் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அதுவும் மதுவும் இரண்டுமே மூளையை மந்தப்படுத்துபவை. சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சே குறைந்துபோகலாம். அதற்காக இன்றிரவே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இரண்டு மாதம் தினமும் போட்ட பிறகு சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்புகூட வரும். டாக்டர் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதுவரை, மாத்திரை போடும் இரவில் குடிக்காதீர்கள். குடிக்காமல் இருந்தால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்றால் டாக்டரை உடனே பார்க்க வேண்டும் என்று பொருள். மாத்திரை அட்டையை மனைவியிடம் கொடுத்து, ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தோட்டத்து அறையில் பூச்சிமருந்து டப்பா ஏதாவது இருந்தால் அதைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மனம் தடுமாறும் பத்து நிமிஷத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆண் அழுவது இயல்பா?

இயல்புதான். சந்தேகமே வேண்டாம்.

கண்ணீர் மூன்று வகை. கண் காயாமல் இருக்க எப்போதும் ஊறிக்கொண்டிருப்பது ஒன்று. வெங்காயம் நறுக்கும்போதும் தூசி விழும்போதும் வருவது இரண்டாவது. மனம் கலங்கி வருவது மூன்றாவது. மூன்றுக்கும் ஆண், பெண் இருவருக்கும் ஒரே சுரப்பி, ஒரே நரம்பு. 1980களில் அமெரிக்காவில் வில்லியம் ஃப்ரே என்ற ஆய்வாளர் எண்ணிப் பார்த்தபோது பெண்கள் மாதத்துக்கு ஐந்து தடவைக்குச் சற்று மேலும், ஆண்கள் ஒரு தடவைக்குச் சற்று மேலும் அழுவதாகத் தெரிந்தது. ஆண்களும் அழுகிறார்கள், குறைவாக அழுகிறார்கள். சின்ன வயதில் அந்த வித்தியாசம்கூட இல்லை; பையனும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவுதான் அழுகிறார்கள். பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் பிரிகிறது. வயதுக்கு வரும்போது மாறும் ஹார்மோனுக்கு அதில் ஒரு பங்கு இருக்கலாம். இன்னொரு பங்கு, உங்கள் அப்பா உங்களிடமும் நீங்கள் உங்கள் மகனிடமும் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு.

எதற்கு அழுகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் இழப்பும் பிரிவும்தான். அப்பா சாவு, மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது, ரிட்டையர் ஆகும் நாளில் மாலையோடு வீடு திரும்புவது. சந்தோஷத்திலும் அழுவார்கள். பிறந்த குழந்தையை நர்ஸ் கையில் கொடுக்கும்போது அழாத அப்பாவை நான் அதிகம் பார்த்ததில்லை. பாடுபட்டது கைநழுவும்போதும் அழுவார்கள். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் லேண்டர் நிலவில் இறங்கும் நேரத்தில் தொடர்பு போனது. அன்று காலை, இஸ்ரோ தலைவராக இருந்த சிவன் பிரதமரின் தோளில் சாய்ந்து அழுததை நாடே டிவியில் பார்த்தது. நாகர்கோவில் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. அழுததால் அவர் பொறுப்புக்குத் தகுதியில்லாதவர் ஆகிவிடவில்லை. 2022 ஜனவரி வரை அந்தப் பதவியில் இருந்தார்.

“நம்ம பண்பாட்டுல ஆம்பள அழக் கூடாது” என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் அவ்வளவு உறுதியான சட்டம் இல்லை. பாண்டியனுக்கு அமைச்சராக இருந்தவர் என்று நாம் சொல்லும் மாணிக்கவாசகர், “அழுதால் உன்னைப் பெறலாமே” என்றுதான் இறைவனிடம் பாடுகிறார். சிவன் கோயிலில் அதைப் பாடிக் கண் கலங்கும் பெரியவர்களை யாரும் ஆணில்லை என்று சொல்வதில்லை.

நம் சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள். பெண்களுக்கு உள்ளே இடம். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, ஒப்பாரி சொல்லி, வருகிற ஒவ்வொருவரோடும் புதிதாக ஒரு தடவை அழுவார்கள். தொண்டை கட்டும் வரை அழ அங்கே அனுமதி மட்டுமல்ல, கடமையே உண்டு. ஆண்களுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. அதிலும் மூத்த பிள்ளைக்கு நாற்காலிகூட இல்லை. ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் வருகிறதா, மேளக்காரனுக்கு எவ்வளவு, திருப்பூர் அத்தை எந்தப் பஸ்ஸில் வருகிறாள், பால் ஊற்ற எல்லோரும் வந்தாச்சா? நீங்கள் அன்று கல்லாக நிற்கவில்லை. அழ நேரம் கொடுக்கப்படாமல் நின்றீர்கள். பெரியப்பா பாராட்டியது உங்களை அப்படியே பூட்டிவிட்டது.

ஐந்து மாதம் கழித்து மகளை விட்டுவிட்டு வரும்போது ஏன் வந்தது என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு வேறு வேலை எதுவும் இல்லாத முதல் பயணம் அதுதானே? ஜன்னல் ஓரச் சீட், ஆறு மணி நேரம், பக்கத்தில் பேச ஆள் இல்லை, விடுதியில் மகளை விட்டு வந்தது இன்னொரு பிரிவு. தள்ளிப்போன துக்கம் இப்படித்தான் இன்னொரு பிரிவோடு சேர்ந்து வரும். என்னிடம் வருகிறவர்களில் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அழுதவர்களும் உண்டு.

அந்த ஏழு மிஸ்டு கால்

மில்லிலிருந்து வீடு 22 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2.10க்கு வந்த முதல் அழைப்பையே எடுத்திருந்தாலும், ஆள் மாற்றிவிட்டு, வண்டியை எடுத்து, ராத்திரி ரோட்டில் வந்து சேர மூன்று மணியை நெருங்கியிருக்கும். 2.40க்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் இல்லை. நீங்கள் போனை எடுத்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்ற எண்ணத்துக்கு இந்த நேரக் கணக்கில் இடமே இல்லை.

கணக்குச் சொன்னால் குற்ற உணர்ச்சி அடங்கிவிடாது, அது எனக்குத் தெரியும். அது கேட்பது வேறு. கடைசியாக ஒரு குரல் கேட்டிருக்கலாமே, தம்பி தனியாக அல்லாடினானே என்பதுதான் அது. அதனால் நீங்கள் தம்பியிடம் பேச வேண்டும். “அன்னைக்கு நீ ஏழு தடவை கூப்பிட்ட, நான் எடுக்கல” என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தப் பத்து மாதத்தில் நீங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஏழாவது கால் வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் மனதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது.

அழுகை எப்போது நோயின் அறிகுறி?

எத்தனை தடவை அழுகிறார் என்பதை வைத்து நாங்கள் முடிவு செய்வதில்லை. அழுகையைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடக்கிறதா? முன்பு பிடித்தது இப்போது பிடிக்கவில்லையா? விடிகாலையில் விழித்துக்கொண்டு பிறகு தூக்கமே இல்லையா? பசி, எடை குறைந்ததா? எதிலும் கவனம் நிற்கவில்லையா? சாவு பற்றிய நினைப்பு வருகிறதா? உங்கள் கடிதத்தில் இவற்றில் பெரும்பாலானவை இருக்கின்றன. கறிக்கடையை விட்டதை நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. ஆனால் துக்கத்தோடு மனச்சோர்வும் சேர்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அது சிகிச்சையில் சரியாகக்கூடியது என்று தைரியமாகச் சொல்வேன்.

ஆண்களின் மனச்சோர்வு சோகமாக மட்டும் வராது. எரிச்சலாக வரும், குடியாக வரும், பிள்ளையை அறையும் கையாக வரும். மனச்சோர்வு முற்றினால் அழுகையே வராமல் போவதும் உண்டு. “அழணும்னு இருக்கு சார், வரமாட்டேங்குது” என்று சொல்கிறவர்களைப் பார்த்து நான் இன்னும் அதிகமாகக் கவலைப்படுவேன்.

உடம்பையும் பார்த்துவிட வேண்டும். தைராய்டு குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் மனம் தளரும்; சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நான்கு வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு மனதில் துக்கமே இல்லாமல், காரணமே இல்லாமல் அழுகையும் சிரிப்பும் பொங்கி வரும். மூளையில் அந்தக் கட்டுப்பாடு பழுதாவதால் வருவது அது. உங்கள் அழுகை அப்படித் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்பா ஞாபகத்தோடுதான் வருகிறது. ஆனால் வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது என்று எது வந்தாலும் உடனே 108.

அந்த 390

அது குறைவில்லை. பெரும்பாலான லேப்களில் 300க்குப் பக்கத்தில்தான் கீழ் எல்லை இருக்கும். அதோடு, டெஸ்டோஸ்டிரோன் காலையில் கூடுதலாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும். காலை நேரத்தில், அதுவும் இரண்டு வேறு நாட்களில் எடுத்துப் பார்த்துத்தான் குறைவு என்று சொல்ல வேண்டும். நீங்கள் ஷிப்ட் முடிந்து மாலை நான்கு மணிக்கு ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். தூக்கமின்மையும் குடியும் அந்த எண்ணை இன்னும் இறக்கும். வெறும் அழுகையை வைத்து இந்தக் குறைபாட்டை யாரும் கண்டுபிடிப்பதில்லை.

ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். தேவையில்லாதவர் போட்டுக்கொண்டால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும், ரத்தம் கெட்டியாகும், பிரஷர் ஏறலாம். இதையெல்லாம் தாண்டி, அந்த ஊசிக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: சரியான ஆண் என்றால் அழமாட்டான் என்ற நம்பிக்கை. அப்பாவுக்காக அழுவது ஆண்மைக் குறைவு என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது பொய்.

அழுகையை நிறுத்த மாத்திரை கேட்டீர்கள். அதற்கென்று மாத்திரை தரமாட்டோம். மனச்சோர்வு என்று உறுதியானால் அதற்கான மருந்து உண்டு. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அல்பிரசோலம் போல அடிமைப்படுத்தாது. சரியான பிறகும் சில மாதம் தொடர வேண்டியிருக்கும். சிலருக்கு அந்த மருந்தில் அழுகை அடியோடு வறண்டுபோவதும் உண்டு. அப்படி ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார். “நல்லா ஒரு நாள் அழுது தீர்த்துட்டா சரியாயிடும்” என்பதையும் முழுதாக நம்பாதீர்கள். பக்கத்தில் ஒருவர் இருக்க அழுபவர்களுக்குத்தான் அழுத பிறகு கொஞ்சம் லேசாகிறது. ஒளிந்து அழுபவர்களுக்கும், மனச்சோர்வில் அழுபவர்களுக்கும் பல நேரம் லேசாவதில்லை. குழாய்ச் சத்தத்துக்குள் அழுதுவிட்டு நீங்கள் இன்னும் களைத்துப்போய் வருவது அதனால்தான்.

மனநல டாக்டரைப் பார்த்தால்...

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 23ஆவது பிரிவு, உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. மில் நிர்வாகம் போன் போட்டுக் கேட்டாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் டாக்டர் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

சின்ன ஊரில் சட்டத்தைவிட டீக்கடை வேகமானது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். வரிசையில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற உங்கள் கவலை நியாயம்தான். பக்கத்து மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அங்கே ஓபி சீட்டு வாங்கும் கூட்டத்தில் யார் எந்தப் பிரிவுக்குப் போகிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருவார்கள். அதுவும் தயக்கம் என்றால், பிரஷருக்குப் பார்க்கும் டாக்டரிடமே முதலில் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எங்கே போனாலும் ஷிப்ட் விஷயத்தைச் சொல்ல மறக்க வேண்டாம். ஓடுகிற மெஷினுக்கு நடுவே நிற்பவர் நீங்கள். தூக்க மாத்திரை மயக்கம் அங்கே ஆகாது. கொஞ்ச நாளைக்கு இரவு ஷிப்ட் இல்லாமல் கேட்டுப் பாருங்கள். தூக்கம் நேரானால் பாதிப் பாரம் இறங்கும்.

மகள் கல்யாணம் பற்றி. அப்பா ஆறு மாதம் மருந்து சாப்பிட்டார் என்று யாராவது பேசலாம், பேசமாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் “அவங்க அப்பா தினமும் குடிப்பார்” என்ற பேச்சு இப்போதே கிளம்பியிருக்கும். இரண்டில் எது அவளுக்கு அதிகக் கெடுதல் என்று நீங்களே யோசியுங்கள்.

வீட்டில்

என் மேசையில் எப்போதும் ஒரு டிஷ்யூ பெட்டி இருக்கும். பெண்கள் தாங்களாக எடுத்துக்கொள்வார்கள். ஆண்கள் தொடவே மாட்டார்கள். சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, ஃபேனைப் பார்த்துக்கொண்டு, “தூசி விழுந்திருச்சு சார்” என்பார்கள். உங்களைப் போலவே ஒருவர், லாரி ஓட்டுபவர், தோள் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் அழுதார். வெளியே உட்கார்ந்திருந்த மனைவியை அதற்குப் பிறகு கூப்பிட்டேன். “இவருக்கு அழ வருமான்னே எனக்குச் சந்தேகமா இருந்துச்சு சார். என் மேல கோவம்னு நெனச்சேன்” என்று அந்த அம்மா சொன்னார். ஒன்றரை வருஷம் அந்த வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு அர்த்தம் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

உங்கள் மனைவிக்கும் உங்கள் அழுகை பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். பெரிதாக எதுவும் பேச வேண்டாம். “அப்பா போனதுலேருந்து எனக்கு முடியல. டாக்டரப் பாக்கப் போறேன், நீயும் வா” என்றால் போதும். மரியாதை குறையும் என்று பயப்படுகிறீர்கள். உங்களோடு இருபது வருஷம் வாழ்ந்தவர் அவர். அவர் மதிப்பது உங்கள் சம்பளத்தை மட்டும் இல்லை. “ஆம்பள அழுதா வீட்டுக்கு ஆகாது” என்று அம்மா சொன்னதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புருஷனை இழந்து பத்து மாதம்தான் ஆகிறது. நீங்களும் உடைந்துவிட்டால் யாரைப் பிடித்துக்கொள்வது என்ற பயத்தில் வந்த வார்த்தையாக இருக்கலாம். ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் வண்டியைப் பற்றிப் பேசிப் பாருங்கள். இரண்டு பேருக்கும் கண் கலங்கும். கலங்கட்டும்.

மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். “அன்னைக்கு உன்னை அடிச்சது தப்புடா. தோத்தா அழுகை வரத்தான் செய்யும். தாத்தா ஞாபகம் வந்தா அப்பாவும் அழறேன்.” இவ்வளவுதான். அவனுக்கு வயது பன்னிரண்டு. அழுகையை விழுங்கப் பையன்கள் கற்றுக்கொள்ளும் வயது சரியாக இதுதான். நீங்கள் இந்த மாதம் சொல்வது அவனுக்கு நாற்பத்தேழு வயதிலும் ஞாபகம் இருக்கும். உங்கள் அப்பா சொன்னது உங்களுக்கு இருக்கிறதே.

இன்னும் இரண்டு மாதத்தில் வருஷத் திதி வருகிறது. இந்தத் தடவை சமையல்காரர், ஐயர், பத்திரிகை எல்லாவற்றையும் தம்பியிடமும் மச்சானிடமும் விடுங்கள். நீங்கள் போட்டோ முன்னால் உட்காருங்கள். யாராவது வந்து கையைப் பிடித்தால் எழுந்து ஓடாதீர்கள்.

டாக்டரிடம் போவதை மட்டும் அதுவரை தள்ளிப்போட வேண்டாம். அடுத்த வாரம் பகல் ஷிப்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரைகூடக் காத்திருக்காமல், இந்த வாரமே ஒரு நாள் லீவு போடுங்கள். பிரஷர் மாத்திரை, அல்பிரசோலம் அட்டை, அந்த லேப் ரிப்போர்ட் மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். அறைக்குள் போனதும் வார்த்தை வராமல் போகலாம், பலருக்கும் அப்படித்தான். அதனால் எனக்கு எழுதியதையே இன்னொரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுங்கள். கடைசிப் பக்கத்து வரியை இந்தத் தடவை அடிக்க வேண்டாம்.